ஜூலையில் வேண்டிய பணம்

கோபிசெட்டிபாளையத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஏலச் சீட்டு நடத்துகிறோம். மாதந்தோறும் ஏலத்தில் தள்ளிவிடும் தொகையை எங்களுக்குள் பிரித்துக்கொள்ளாமல், கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பன்னிரண்டு பேரும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். பெரிய வசதிக்காரர் எவரும் இல்லை. ஆண்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மேல் கொடுக்க முடிந்ததும் இல்லை. ஆனாலும் எங்கள் கணக்கு நோட்டைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று உறுத்துகிறது: தொகை எவ்வளவு என்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அது எந்த மாதத்தில் கைக்குக் கிடைக்கிறது என்பதில் காட்டுவதில்லை.

முதலாண்டில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். மதிப்பெண் பட்டியல் பார்த்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, பொங்கல் விடுமுறையில் சின்னதாக ஒரு விழா வைத்து, ஆளுக்குப் பத்தாயிரம் கொடுப்பதாக ஏற்பாடு. விழாவுக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். வராத பெண் கரும்பு வெட்டும் அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளை. அவர் ஆகஸ்டிலேயே கல்லூரியை விட்டு நின்று, ஊருக்குள் வேன் அனுப்பி ஆள் எடுக்கும் ஒரு பஞ்சாலைக்குப் போய்விட்டார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் அந்தத் தனியார் கல்லூரி, கட்டணத்தை முதலில் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறது. முதலில் கட்டத்தான் அவர்களிடம் பணம் இல்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான அந்த உதவித்தொகையில் 2020-21 முதல் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. மாநிலம் தன் பங்கை வழங்கிய பிறகே ஒன்றியத்தின் பங்கு, ஆதார் இணைத்த மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. இடைத்தரகர் இல்லாத நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இணைப்பில் ஒரு சிறு பிழை இருந்தாலும் பணம் நின்றுவிடும், கல்லூரி அலுவலகமோ ஜூன், ஜூலையிலேயே ரசீது போடக் காத்திருக்கும். அதனால் இரண்டாம் ஆண்டு முதல் விழாவை விட்டுவிட்டோம். சேர்க்கை வாரத்திலேயே கொடுக்கிறோம்; அரசுப் பணம் வந்தபின் முடிந்தவர்கள் திருப்பித் தருகிறார்கள், அது அடுத்த பிள்ளைக்குப் போகிறது. விடுதி முன்பணம், பேருந்துச் செலவு, தேர்வுக் கட்டணம், சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு நாலு முறை நடப்பதில் போகும் கூலி என்று எந்தத் திட்டத்திலும் எழுதப்படாத செலவுகளுக்கும் அதிலிருந்தே கொடுக்கிறோம்.

சான்றிதழ் என்றதும் பர்கூர் மலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தியூருக்கு மேலே பர்கூரிலும், சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூரிலும் வாழும் மலையாளி மக்கள் (கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, பேசுவது தமிழ்) பழங்குடியினர் பட்டியலில் இல்லை. ஏனென்றால் அந்தப் பட்டியல் மலையாளி என்னும் பெயரோடு சேலம், தருமபுரி, வட ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று சில மாவட்டங்களை மட்டுமே சொல்கிறது. 1979-இல் ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் இந்த மலைகள் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தன, கோயம்புத்தூர் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலையில் பிறந்த பிள்ளை பழங்குடியினர். அதே இனத்தில் பர்கூரில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. இதே மலைகளில் வாழும் ஊராளிக்கும் சோளகருக்கும் பழங்குடிச் சான்று உண்டு என்பதால், ஒரே பள்ளியில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் படித்த இருவரில் ஒருவர் விண்ணப்பம் நிரப்புவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் சட்டத் திருத்தம்தான் சரிசெய்ய முடியும், பன்னிரண்டு பேரின் சீட்டுப் பணம் அல்ல. ஆனால் திருத்தம் வரும்வரை பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிற்காதே. ஆகவே சாதிச் சான்றிதழ் கேட்பதையும் நிறுத்திவிட்டு, வகுப்பாசிரியரின் ஒரு வரிக் கடிதம் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024-இல் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கிடைக்கும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையால் பொறியியல் படித்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆனால் அது தொழிற்கல்விக்கு மட்டும், வீட்டுக்கு ஒருவருக்கு மட்டும். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்குக் கிடையாது, அப்பாவின் கூலி மட்டும் அப்படியே இருக்கும்.

எங்களிடம் பணம் கொடுக்க வருகிறவர்களில் சிலர், நம்ம பிள்ளைகளாகப் பார்த்துக் கொடுங்கள் என்கிறார்கள். நம்ம என்பதற்கு இந்த ஊரில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். தோட்டமும் தறியும் உடைய சமூகங்களுக்குச் சொந்தமாக அறக்கட்டளைகள் உண்டு, அவை நன்றாகவும் நடக்கின்றன. அந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டுகிறவருக்கு அப்படி ஒன்று இல்லை. போன மாதம் ஒருவர் இந்த நிபந்தனையோடு ஐம்பதாயிரம் தர வந்தார். சீட்டுக்காரர்களில் நாலைந்து பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றே சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன், அன்றைக்கு ஏலம் முடியவே இரவு பதினொன்றாகிவிட்டது. கடைசியில் வாங்கவில்லை. இந்த ஆண்டுப் பட்டியலில் ஆறு பேர், அவர்களில் இருவர் பர்கூர் மலைப் பிள்ளைகள். ஒருவருடைய விடுதி முன்பணத்துக்கு இன்னும் நாலாயிரம் குறைகிறது, இந்த மாத ஏலம் வெள்ளிக்கிழமை.