மகமைக் கணக்கில் அடங்காத கொடை

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது பல கடைகள் ஒன்றாக இயங்கிய பொதுக் கூடங்களில், பெட்டியும் கணக்குப் பலகையுமாக உட்கார்ந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், பேரேடுகளில், பிள்ளையார் சுழிக்குக் கீழே கடன்காரர்களுக்கு மட்டுமல்லாமல் சாமிக்கும் ஒரு பற்று வரவு இருக்கும். அதுதான் மகமை. வரும்படியில் இன்ன விழுக்காடு என்று கழித்து வைத்து, சேர்ந்ததைத் திருப்பணிக்கும் பாடசாலைக்கும் அனுப்புவார்கள். எவ்வளவு தருமம் செய்தாலும் மூலதனத்தில் கை வைக்க வேண்டியதில்லை, கடை படுத்தால் மகமையும் தானே சுருங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக அந்த ஏற்பாடு தாங்கியதற்கு அதுதான் காரணம்.

காரைக்குடியில் உள்ள நம் கல்லூரியின் நிறுவனர் ராம. அழகப்பச் செட்டியாரை வள்ளல், வள்ளல் என்று சொல்லியே அவருடைய கணக்கைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அவர் கொடுத்தது மகமை அல்ல, மூலதனம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தான் அவர் செய்ததன் துணிச்சலும் அதிலிருந்த ஆபத்தும் புரியும்.

1909 ஏப்ரல் 6இல் கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ., லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் படிப்பு, அங்கேயே குராய்டனில் விமானம் ஓட்டவும் பயிற்சி. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாகிக் கடல் கடந்த கடையில் மூன்று வருடக் கணக்கு முடித்து வருவதுதான் அன்றைய செட்டிநாட்டுப் பிள்ளைகளின் வழக்கமான பாதை. இவர் அந்தப் பாதையில் போகவில்லை.

காலமும் அதற்குத் தோதாக இருந்தது. 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் பர்மாவில் கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாகத் திரும்பியது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. விற்கவும் முடியாது, ஊருக்கு எடுத்து வரவும் முடியாது. பிறகு யுத்தம் வந்து மிச்சத்தையும் முடக்கியது. அழகப்பர் அந்த 1937இலேயே கொச்சி சமஸ்தானத்தில் திருச்சூருக்குத் தெற்கே துணி ஆலை தொடங்கிவிட்டார். மலாயாவில் ஈயச் சுரங்கமும் ரப்பரும் ஒரு பக்கம். வட்டியை விட்டுத் தொழிலுக்கு மாறிய முதல் தலைமுறை அது.

கொடைகளை வரிசையாகப் பார்த்தால் 1944இல் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய். இன்றும் சென்னையில் 'ஏ.சி. டெக்' என்கிறார்களே, அந்த ஏ.சி. இவர்தான். குளிர்சாதனம் என்று நினைத்தவர்களும் உண்டு! வெள்ளைக்காரர் கொடுத்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றதை ஒட்டித் துறந்துவிட்டார்.

1947 ஜூலை 3, சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் நகரங்களில் மட்டும் இருந்தால் போதாது, செல்வர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். அழகப்பர் அதே மேடையில் காரைக்குடிக்கு ஒரு கல்லூரி என்று அறிவித்து ஒரு லட்சம் ரூபாயும் கொடுத்தார். இந்தக் காட்சியைச் சொல்லாத நிறுவனர் நாள் விழா இல்லை. ஆகஸ்டிலேயே வகுப்பு தொடங்கியது என்பதில்தான் இதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பல்கலைக்கழகம் இணைப்புத் தருவதற்குக் கட்டடம், நூலகம், தகுதியுள்ள ஆசிரியர்கள், ஆய்வுக்கூடம், வைப்புநிதி எல்லாம் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடம் என்றால் மேசை நாற்காலி மட்டும் போதாது. தண்ணீர்க் குழாய், எரிவாயு, காற்றில் ஆடாத தராசு அறை என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அத்தனைக்கும் ஒன்றரை மாதம்கூட இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் தள்ளியிருந்தால் அந்தக் கல்வியாண்டே கைநழுவியிருக்கும்.

அடுத்தது சிக்ரி, அதாவது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். புதிதாக விடுதலை பெற்ற நாடு தேசிய ஆய்வகங்களை எங்கெங்கே அமைப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். அன்றைக்குப் பவுன் 75, 80 ரூபாய். பதினைந்து லட்சம் என்றால் கிட்டத்தட்ட 19,000 பவுன். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

பொட்டல் செம்மண் காட்டில் மின்வேதியியலா என்று கேட்கத் தோன்றும். ஒரு கிலோ அலுமினியம் எடுக்கவே சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆனால் ஆலை வேறு, ஆய்வகம் வேறு. ஆய்வகத்துக்குத் தேவை இடமும், பக்கத்தில் கச்சாப்பொருளும். காஸ்டிக் சோடாவுக்கும் குளோரினுக்கும் மூலம் உப்பு. உப்பு எடுத்த பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் இருக்கிறது. இரண்டுக்கும் கடற்கரை தூரமில்லை.

துருவை ஆராயவோ ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற கடற்கரை ஊரைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. உப்புக் காற்று, வெயில், ஈரம் மூன்றும் அங்கே ஒன்றாக அடிக்கும். சிக்ரியின் அரிப்புச் சோதனை நிலையம் அங்கேதான் இருக்கிறது. செய்முறை எளிது. அளவெடுத்த இரும்புத் தகட்டை நன்றாகத் துலக்கி, எடை போட்டு, கொக்கியில் வெளியே மாட்டுவார்கள். குறித்த மாதங்கள் கழித்து எடுத்து, துருவை மட்டும் கரைத்து இரும்பைத் தொடாத மருந்து சேர்த்த அமிலத்தில் கழுவி, மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையைப் பரப்பாலும் காலத்தாலும் உலோக அடர்த்தியாலும் வகுத்தால், ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் தின்கிறது என்று வந்துவிடும். தவறு நேர்வது பெரும்பாலும் கழுவுகிற கட்டத்தில். அமிலத்தில் அதிக நேரம் விட்டால் நல்ல இரும்பும் கரைந்து, கடற்காற்றின் மேல் பொய்க் கணக்கு விழும். அதனால் துருவேறாத தகடு ஒன்றையும் கூடவே முக்கி, அது இழந்த எடையைக் கழிப்பார்கள்.

இதே ஆண்டுகளில் அவர் தொழில் சறுக்கியது. அவருடைய விமான நிறுவனமான ஜூப்பிட்டர் ஏர்வேஸ் 1948இல் பறக்கத் தொடங்கி 1949இல் நின்றது. யுத்தம் முடிந்து மிஞ்சிய டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. எல்லாரும் வாங்கினார்கள், அரசும் தேவைக்கு மேல் உரிமம் கொடுத்தது. வாங்கும் விலைதான் மலிவு. இரண்டு எஞ்சினும் குறித்த மணி நேரம் ஓடியதும் முழுக்கப் பிரித்துப் பூட்ட வேண்டும். மாற்று எஞ்சின், உதிரிப்பாகம், விமானிச் சம்பளம், பெட்ரோல் வரி எதுவும் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நிற்காது. பெட்டியில் தூங்கும் பணத்துக்கு வட்டி மட்டும்தான் நட்டம், தரையில் தூங்கும் விமானம் முதலையும் சேர்த்துத் தின்னும். அளவுக்கு மிஞ்சி நிறுவனங்கள் இருப்பதை 1950இல் விமானப் போக்குவரத்தை விசாரித்த ராஜாத்யக்ஷா குழு சொன்னது. 1953இல் விமானப் போக்குவரத்தே அரசுடைமை ஆனது.

மகமைக்காரராக இருந்திருந்தால் 1949க்குப் பிறகு அவர் கை சுருங்கியிருக்க வேண்டும். ஆனால் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, 1956இல் உடற்கல்விக் கல்லூரி என்று வரிசை தொடர்ந்தது. அந்த 1956இல் பத்மபூஷண். 1957 ஏப்ரல் 5இல் காலமானபோது 48 வயது நிறைய ஒரு நாள் பாக்கி.

மூலதனக் கொடையின் பலவீனத்தையும் சொல்லத்தான் வேண்டும். நிலமும் கட்டடமும் நிற்கும், மாதச் சம்பளம் வளர்ந்துகொண்டே போகும். வைப்புநிதியின் வட்டி அதற்கு ஈடு கொடுக்காது. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்று பெயரில் 'அரசு' சேர்ந்து நடக்கின்றன. இதை வீழ்ச்சி என்று வருந்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தபோது அது கால் ஊன்றக் காரைக்குடியில் ஏற்கெனவே ஒரு கல்வி வளாகம் இருந்தது. ரொக்கமாக மட்டும் கொடுத்திருந்தால் விலைவாசி அதை எப்போதோ கரைத்திருக்கும்.

நம்மவர்களே அதிகம் அறியாத கொடை ஒன்று, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைக்குக் கொடுத்த ஒரு லட்சம். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை பேராசிரியராக இருந்த துறை அது, இப்போது கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் இருக்கிறது. கேரளம் போகிறவர்கள் திருச்சூர் – சாலக்குடி நெடுஞ்சாலையில் ஆம்பல்லூரில் இறங்கிப் பாருங்கள். பழைய ஆலையைச் சுற்றி வளர்ந்த அந்த ஊராட்சியின் பெயர்ப்பலகையில் மலையாளத்தில் அழகப்பநகர் என்று எழுதியிருக்கும்.