வெற்று மதிப்பு: லூப் ஒருவழியாக வழிக்கு வந்தது

பொழுதுபோக்காக எழுதிவரும் குட்டி நிரல்மொழியில், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) எனப்படும் வெற்று மதிப்பு இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கேள்விக்குறி போட்டு அறிவித்த மாறிக்குள் மட்டுமே வெற்று நுழையலாம். அந்த மாறியைச் சோதிக்காமல் தொட்டால், நிரலை ஓட்டும் முன்பே படித்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிடுகிறது. நிரலின் இலக்கணத்தைப் பிரித்துப் படிக்கும் பார்சரில் செய்த மாற்றங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உயிரை வாங்கியது டைப் சுருக்கம்தான், அதாவது சோதனை முடிந்த பிறகு அந்த மாறியைக் கேள்விக்குறி இல்லாததாகக் கருதும் வேலை.

நிபந்தனைக் கிளைகளில் இது சாதுவாக நடந்துகொள்கிறது. இரு கிளைகள் சேருமிடத்தில், இரண்டிலும் சுருங்கியிருந்தால் மட்டும் சுருக்கம் நீடிக்கும். ஒரு கிளை ரிட்டர்னில், அதாவது ஃபங்ஷனைவிட்டே வெளியேறுவதில், முடிந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒரே வரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டும் லூப் அப்படியல்ல. வெளியே ஒரு மாறியைச் சோதித்தாயிற்று. உள்ளே முதல் வரி அதன் நீளத்தைக் கேட்கிறது. கடைசி வரி அதில் வெற்றை இடுகிறது. முதல் சுற்று நலமாக முடியும், இரண்டாம் சுற்றில் நிரல் விழும். மேலிருந்து கீழே படித்துவரும் கம்பைலரோ முதல் வரியில் நிற்கும்போது கடைசி வரியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. முடிவு மாறாமல் நிலைக்கும்வரை லூப்பின் உடலைத் திரும்பத் திரும்ப அலசுவது பாடநூல் வழி. செய்து பார்த்தேன், ஒவ்வோர் அலசலிலும் அதே பிழைச் செய்தி மறுபடி மறுபடி வந்து விழுந்ததில் வெறுத்துப்போய்விட்டது. டார்ட் மொழியின் வழி எவ்வளவோ மேல். லூப்புக்குள் நுழையும் முன்பே, அதன் உடலில் மதிப்பு இடப்படும் மாறிகளையெல்லாம் பட்டியலெடுத்து, அவற்றின் சுருக்கத்தை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே வெற்றல்லாததை மட்டுமே இடுகிற நல்ல நிரலும் இதில் மாட்டிக்கொள்ளும். மாட்டட்டும், இன்னொரு சோதனை எழுதினால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள். ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவைக் காட்டி, கடைசியில் வெற்றில் முடியும் இணைப்புப் பட்டியலில் கணு கணுவாக நகரும் லூப் மட்டும் அழகாகத் தப்பிவிடுகிறது. அதன் நிபந்தனையே ஒவ்வொரு சுற்றிலும் வெற்றைச் சோதிப்பதால், கழற்றிய சுருக்கம் உடலுக்குள் போகும்போது திரும்பக் கிடைத்துவிடுகிறது.

கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்காக வெற்றுச் சுட்டியை (எந்த மதிப்பின் முகவரியையும் காட்டாத சுட்டியை) சேர்த்ததையும், 2009இல் அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்று சொன்னதையும் பலர் மந்திரம்போல ஓதுகிறார்கள். எனக்கு வெற்றின் மீது கோபமில்லை. எல்லாச் சுட்டிகளுக்குள்ளும் அழையாமலே அது புகுந்ததுதான் வினை.

ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டுகளில், அதாவது அதற்குள் இருக்கும் மாறிகளில், கோட்லின் மொழியின் பக்கம் சாய்ந்துவிட்டேன். மாறக்கூடிய ஃபீல்டைச் சோதித்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவே வேறு யாராவது அதை மாற்றிவிடலாம். ஆகவே சுருக்கம் கிடையாது, உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் மொழி இங்கே தாராளம் காட்டுகிறது. நடுவில் ஒரு ஃபங்ஷன் அழைப்பு அந்த ஃபீல்டை வெற்றாக்கினாலும் அது பழைய சுருக்கத்தையே நம்பிக்கொண்டிருக்கும். வசதிதான், ஆனால் பொய். ‘இது வெற்றல்ல, என்னை நம்பு’ என்று கம்பைலரிடம் சொல்லும் கோட்லினின் இரட்டை ஆச்சரியக்குறியை என் மொழியில் சேர்க்கப்போவதும் இல்லை. கொடுத்தால் முதலில் துஷ்பிரயோகம் செய்வது நானாகத்தான் இருப்பேன்.

வெளியே உள்ள மாறிகளையும் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபங்ஷனான குளோஷருக்கான வேலை பாதியில் நிற்கிறது. அதற்குள் மனம், சாவிக்கு எதிரே மதிப்பை வைக்கும் மேப்புக்குத் தாவிவிட்டது. சாவியைக் கொடுத்துத் தேடினால் கிடைக்கும் வெற்றுக்கு என்ன பொருள்? சாவியே இல்லையா, சாவிக்கு எதிரே வெற்றுதான் வைக்கப்பட்டிருக்கிறதா? ரஸ்ட் மொழியில், மதிப்பு இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம் என்று சொல்லும் ஆப்ஷனுக்குள் இன்னொரு ஆப்ஷன் வைக்க முடிவதால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். பாக்ஸ் போன்ற சுட்டியை ஆப்ஷனில் வைத்தால் கூடுதல் இடமும் பிடிக்காது, பூஜ்ய முகவரியே ‘மதிப்பு இல்லை’ என்பதைக் குறித்துவிடும். முழு எண்ணுக்கு அப்படி ஒதுக்க முகவரி ஏது? அதனால் என் மொழியில் இப்போதைக்கு, ஆப்ஷனுக்குள் ஆப்ஷன் போன்ற இரட்டைக் கேள்விக்குறியைக் கண்டாலே கம்பைலர் மறுக்கிறது. மேப்பில் தேடும்போது மாற்று மதிப்பு ஒன்றையும் கூடவே கொடுத்தாக வேண்டும். குளோஷர் முடிந்ததும் இதைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறேன்.