அப்பாவின் இதயத்துக்கு ஆறு நாள் லீவு

பைபாஸ் முடிந்து நாலு மணிக்கு ஐசியுவுக்கு வந்துவிடுவார் என்றார்கள். ஏழரைக்கு சர்ஜன் மட்டும் வெளியே வந்தார். கிராஃப்ட், அதாவது அடைப்பைத் தாண்டி ஒட்டிய ரத்தக்குழாய், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆபரேஷனின்போது இதயத்துக்குப் பதிலாக ஓடிய ஹார்ட் லங் மெஷினை நிறுத்தினால் இதயம் தாங்கவில்லை என்றார். மருந்து ஏற்றியாயிற்று, இதயத்துக்குத் துணையாகத் தொடை வழியாக பலூன் பம்பும் போட்டாயிற்று, போதவில்லை. இனி இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் நாள்கணக்கில் வெளியிலிருந்து செய்யும் எக்மோ மெஷின்தான், கையெழுத்து வேண்டும்.

எக்மோ என்ற சொல் எங்கள் வீட்டுக்கு 2016 டிசம்பரில் டிவி வழியாக வந்தது. 2020இல் எஸ்.பி.பி.க்காக மறுபடி கேட்டோம். இரண்டும் எப்படி முடிந்தன என்று எல்லோருக்கும் தெரியும். "அப்போ சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடலாமா?" என்றுதான் அம்மா கேட்டாள். சர்ஜனும் பூசி மெழுகவில்லை. இந்த நிலைமையில் எக்மோ போடுகிறவர்களில் வீடு திரும்புவது பாதிக்கும் குறைவு என்றார். கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். தொடையில் இரண்டு தடித்த குழாய்கள். ஒன்றில் கருஞ்சிவப்பு, மற்றதில் பளிச்சென்ற சிவப்பு. சிரையிலிருந்து இழுத்த ரத்தம் ஆக்சிஜனேட்டர் வழியாகத் தமனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் 3.8, நிமிடத்துக்கு அத்தனை லிட்டர். "மெஷின் குணப்படுத்தாது சார். இதயத்துக்கு லீவு கொடுக்கும், அவ்வளவுதான்," என்றார் அந்த மெஷினை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்ட். எனக்கு உருப்படியாக விளங்கவைத்தவர் அவர் ஒருவர்தான்.

நான் இதயத்தை நினைத்துப் பயந்தேன்; அவர்களுக்குக் கால்தான் பயம். தமனியைக் குழாய் அடைத்துக்கொண்டால் பாதத்துக்கு ரத்தம் போகாது. அதற்கென்று மெல்லிய தனிக் குழாய் ஒன்று வைத்திருந்தார்கள். அப்படியும் மணிக்கொரு தடவை சிஸ்டர் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், டாப்ளர் கருவி வைத்து ரத்த ஓட்டத்தைக் கேட்பார். ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின். அதனாலேயே நெஞ்சுக்குள் கசிவு. மூன்றாம் நாள் மறுபடி திறந்து சுத்தம் செய்தார்கள். ரத்தம், பிளேட்லெட் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தம்பியின் நண்பர்கள் பதினோரு பேர் வந்து கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸ் அன்றோடு தீர்ந்தது. பில்லிங் கவுண்டரிலிருந்து மட்டும் தினமும் ஐந்து மணிக்குத் தவறாமல் போன்.

ஐந்தாம் நாள், இதயம் தானாகத் தாங்குகிறதா என்று எக்கோ பார்த்தபடியே மெஷினின் ஓட்டத்தைக் குறைத்தார்கள். இரண்டு லிட்டரிலேயே பிரஷர் விழுந்தது, திரும்ப ஏற்றிவிட்டார்கள். அன்றிரவு வராந்தாவில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஆறாம் நாள் ஒன்றரை லிட்டரிலும் பிரஷர் நின்றது. தியேட்டருக்குக் கொண்டுபோய்க் குழாய்களை எடுத்தார்கள். பலூன் இன்னும் இரண்டு நாள் இருந்தது. துடிப்புக்குத் துடிப்பு விரிந்ததை, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று குறைத்து, அப்புறம் அதையும் உருவினார்கள்.

வென்டிலேட்டர் எடுத்த மறுநாள் அப்பாவுக்குக் குரல் வந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நெஞ்சுலதானே ஆபரேஷன்? தொடை ஏன்டா இப்படி வலிக்குது?"