மக்னோலியாவுக்குப் பகை ஜனவரி அல்ல, ஏப்ரல்

குளிர்நாட்டில் மக்னோலியா என்ற பூமரம் வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "மைனஸ் எத்தனை வரைக்கும் தாங்கும்?" என்றுதான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துத் தென்பகுதியில் அது பாதிக் கேள்விதான். இங்கே மரத்தைக் கொல்லும் குளிரைவிடப் பூவைக் கெடுக்கும் குளிர்தான் பெரிய தொல்லை. ஜனவரியில் மைனஸ் 25 பாகை செல்சியஸிலும் ரோமச் செதிலுக்குள் பத்திரமாக இருக்கும் மொட்டு, ஏப்ரலில் நாலு நாள் வெயில் கண்டதும் செதிலை உதிர்த்துவிடும். அதன்பிறகு மைனஸ் 3 வந்தால் ஒரே இரவில் இதழெல்லாம் கருகித் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்துவிடும். மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மொட்டு முந்திய கோடையிலேயே கட்டிவிடுவதால் அந்த வசந்தத்துக்கு வேறு பூ இல்லை.

ஆகவே லேபிளில் சோன் எண்ணை (எவ்வளவு குளிர் தாங்கும் என்ற வலய எண்) பார்த்த கையோடு, எப்போது பூக்கும் என்றும் பாருங்கள். ஸ்டெலாட்டா என்ற நட்சத்திர மக்னோலியா, அமெரிக்க விவசாயத் துறையின் (யுஎஸ்டிஏ) சோன் 4 வரை, அதாவது மைனஸ் 30ஐத் தாண்டியும், உயிரோடு இருக்கும். ஆனால் முதலில் பூப்பதும் அதுதான். உறைபனியில் அடிக்கடி மாட்டுவதும் அதுதான். 1950களில் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் லிலிஃபுளோரா என்ற இன்னொரு இனத்தையும் ஸ்டெலாட்டாவையும் கலந்து ஆன், பெட்டி, ஜேன், சூசன் என்று எட்டு ரகங்களை உருவாக்கினார்கள். இவை ஸ்டெலாட்டாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிந்திப் பூக்கும். அந்த இரண்டு வாரத்துக்காகவே வாங்கலாம்.

மஞ்சள் மக்னோலியாக்களின் கதை இன்னும் நல்லது. அவற்றின் தாய் இனமான அக்குமினாட்டா, தென் ஒன்ராறியோவில் காட்டு மரமாகவே நிற்பது. கனடாவில் அழியும் நிலையிலுள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. இலை விட்டபிறகு பூப்பது அதன் இயல்பு. புரூக்ளின் தாவரவியல் தோட்டத்தில் உருவான 'யெலோ பேர்ட்' இலையோடு சேர்ந்து பூக்கும். அங்கேயே உருவான 'எலிசபெத்' அதைவிட அழகுதான், ஆனால் இலைக்கு முந்திப் பூத்துவிடும். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் என் தெரிவு 'யெலோ பேர்ட்'. அரைநிழலும் ஈரமும் உள்ள மூலை இருந்தால் சீபோல்டி என்ற இனத்தை வையுங்கள். தலைகுனிந்த வெள்ளைப் பூ, நடுவில் செந்நிற மகரந்தத் தாள்கள், நல்ல மணம். மே கடைசியில்தான் தொடங்கும் என்பதால் உறைபனிக் கவலை பெரும்பாலும் இல்லை. வறட்சிதான் அதற்கு ஆகாது. ஊர்ச் செண்பகமும் இதே பேரினம்தான். அதற்காக அதை ரொறன்ரோவில் நிலத்தில் நடாதீர்கள். தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுப்பதானால் மட்டும் வாங்குங்கள்.

"தெற்குச் சுவரோரம் சூடாக இருக்கும்" என்று அங்கே நடுவது வழக்கமான பிழை. அந்தச் சூடுதான் மொட்டை முந்தி எழுப்பிவிடுகிறது. வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், குளிர்காற்று நேரே அடிக்காத இடம் நல்லது. பள்ளத்தில் குளிர் தேங்கும் என்பதால் அங்கேயும் வேண்டாம்.

நடுவது வசந்தத்தில் மட்டும். மக்னோலியாவின் வேர் தடித்த, சதைப்பற்றுள்ள, கிளை குறைந்த வேர். இலையுதிர்காலத்தில் நட்டால் முறிந்த வேர் குளிர்ந்த ஈரமண்ணில் ஆறாமல் அழுகும். குழி தொட்டியைப்போல் மூன்று மடங்கு அகலம், ஆழம் தொட்டியளவே. அடிமரம் விரியும் இடம் மண்மட்டத்துக்கு மேலே தெரியவேண்டும். மண்ணின் பீஎச் (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மண்ணில் நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. மேலே 7 செ.மீ. மரப்பட்டை மூடாக்கு, தண்டைத் தொடாமல் 10 செ.மீ. விட்டு. வேர் மேலோட்டமாக ஓடுவதால் அடியில் கொத்தவே கூடாது. நட்ட மரத்தை இடம் மாற்றும் எண்ணமும் வேண்டாம்.

ஜூலைக்குப் பிறகு உரம் போட்டால் பிஞ்சுக் கொப்பு முற்றாமலே குளிரில் மாட்டும். தண்ணீரை மட்டும் நிலம் உறையும்வரை நிறுத்தாதீர்கள். நவம்பரில் தண்டைச் சுற்றி சிறுகண் கம்பிவலை: பனி குவியும் உயரத்துக்கு மேலே இன்னும் 60 செ.மீ. இல்லாவிட்டால் முயல் பனிமேல் ஏறி நின்று பட்டையைக் கொறிக்கும். இளமரத்துக்கு மூன்று நான்கு கம்பு நட்டுச் சாக்குத் திரை கட்டலாம். சாக்கு கொப்பில் உராயக்கூடாது. கத்தரிப்பது பூ முடிந்த கையோடு. பிந்தினால் வெட்டி எறிவது அடுத்த வருஷ மொட்டை.

கோடையில் இலை பிசுபிசுத்து, கொப்பு கறுத்து, குளவிகள் மொய்த்தால் செதில் பூச்சி வந்துவிட்டது. கறுப்பு வெறும் பூஞ்சணம். கொப்பைத் தடவினால் மெழுகுப் பொத்தான்போல் தட்டுப்படுவதுதான் பூச்சி. முற்றியதில் மருந்து ஏறாது. குஞ்சுகள் ஊரும் ஒகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் தோட்ட எண்ணெய் அடிக்கவேண்டும்.

அரிய இனங்கள் கன்றாகக் கிடைக்காதபோது விதைதான் வழி. காய் வெடித்ததும் நூலில் தொங்கும் சிவப்பு விதையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, சதையைத் தேய்த்தெடுத்து, பாத்திரச் சோப்பு நீரில் கழுவுங்கள். மேலுறையின் எண்ணெய்ப் பசை போகவேண்டும். கறுப்பு விதையைப் பிழிந்த ஈரப்பதமுள்ள பீற் மொஸ்ஸில் (மக்கிய பாசி) கலந்து, ஸிப் பையில் போட்டு, பிரிட்ஜில் 3 முதல் 4 மாதம். ஒருமுறை காய்ந்தால் விதை செத்துவிடும். சொட்டச்சொட்ட நனைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு 20 பாகையில் விதைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் முளைக்கும். கலப்பினத்தின் விதை தாயைப்போல் வராது, பூக்கவும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகலாம். அதனால் கோபஸ் என்ற மக்னோலியா இனத்தின் விதையை முளைக்கவைத்து அடிக்கன்றாக்கி, கோடைக் கடைசியில் விரும்பிய ரகத்தின் மொட்டை ஒட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிரை அவ்வப்போது கிள்ளிவிடவேண்டும், இல்லாவிட்டால் கோபஸ் மேலேறிவிடும்.