சித்தூர்ப் பக்கம் தண்ணீர் ஆய்வு: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலில் பாடத்தாள்கள் எத்தனை இருந்தாலும், கடைசிப் பருவ ப்ராஜெக்ட்தான் மாணவரை உருவாக்குகிறது. எல்லையில் உள்ள கோபாலபுரமோ வேலந்தாவளமோ தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி, சித்தூர் என்று போகிறவர்கள் பலரும் தண்ணீரைத்தான் கையில் எடுக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆறும் உண்டு, ஆழ்துளைக் கிணறும் உண்டு. மலையாளமும் கொங்குத் தமிழும் கலந்து பேசும் ஊர்கள் என்பதால் விசாரிப்பதும் எளிது. ஆனால் அறிக்கையில் வரும் எண் சரியா தவறா என்பது பெரும்பாலும் லேபுக்குப் போவதற்கு முன்பே, ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் முடிவாகிவிடுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் கெட்டுப்போன சாம்பிளைச் சரிசெய்ய முடியாது.

முதலில் ஆற்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனைமலையிலிருந்து வரும் ஆழியாறு மணக்கடவு தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும் சித்தூர்ப்புழை. கண்ணாடிப்புழை என்றும் பெயர். பறளியில் கல்பாத்திப்புழையோடு கூடி, பாரதப்புழையாகப் பொன்னானியில் கடல் சேர்கிறது. மழையை மட்டும் வைத்து இந்த ஆற்றைக் கணக்கிட முடியாது. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும். அது எப்போது, எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தே, இந்த ஆற்றின் குறுக்கே உள்ள மூலத்தறை ரெகுலேட்டருக்குக் கீழே ஆற்றின் தன்மை மாறுகிறது. தண்ணீர் விட்ட நாளில் எடுத்த சாம்பிளில் அணைத் தண்ணீரின் குணம் தெரியும். விடாத நாளில் எடுத்தால், வயலிலிருந்து வடியும் தண்ணீரும் ஊற்றும் ஊர்க் கழிவும்தான் ஆறு. ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை எடுத்துவிட்டு ‘கோடை’, ‘பருவமழை’ என்று இரண்டு தலைப்புப் போடுவது இங்கே செல்லாது. சாம்பிள் எடுத்த நாளின் நீர்த் திறப்பு விவரத்தை நீர்ப்பாசனத் துறையிடம் கேட்டு, ஒவ்வொரு ரீடிங்குக்கும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஒரு நெடுவரிசை இல்லாவிட்டால் உங்கள் அட்டவணையை வேறொருவர் விளக்கவே முடியாது.

இனி கரைந்த ஆக்சிஜன். மீட்டர் இருந்தாலும் விங்க்ளர் முறையை (ரீஜென்ட் சேர்த்து, டைட்ரேட் செய்து ஆக்சிஜனை அளப்பது) கையால் செய்து பழகுங்கள். மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க அது நல்ல வழி. 300 மி.லி. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) பாட்டிலை ஓட்டத்தை எதிர்த்து நின்று, காலில் கிளறிய சேறு உள்ளே வராதபடி, மேற்பரப்புக்குச் சுமார் ஒரு அடி கீழே நிரப்ப வேண்டும். வாளியில் மொண்டு மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்துவிடும்; அப்புறம் நீங்கள் அளப்பது வாளியின் ஆக்சிஜன். பாலத்திலிருந்து எடுப்பதானால், சாம்பிளர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, இரண்டு மூன்று பாட்டில் அளவு வழியவிட்டுப் பிறகு மூடுங்கள். மூடிக்கு அடியில் கடுகளவு குமிழி தெரிந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.

அங்கேயே, கரையிலேயே, மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு-அசைடு 2 மி.லி. சேர்க்க வேண்டும். பிப்பெட்டின் நுனி தண்ணீருக்குள் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி பிப்பெட். மாறினால் ரீஜென்ட் பாட்டிலுக்குள்ளேயே பழுப்பு படிந்து முழுவதும் வீணாகும். மூடி, பலமுறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். பழுப்புப் படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே இருந்தால் இல்லை, அல்லது இல்லை என்றே சொல்லலாம் என்ற அளவில்தான் இருக்கிறது. படிவு பாட்டிலின் பாதிக்கு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டு, படிவு முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். இந்த நிலைக்கு வந்தபின் இருட்டில் வைத்து 8 மணி நேரத்துக்குள் டைட்ரேட் செய்தால் போதும். அமிலம் விடாமல் வெறும் பாட்டிலை பஸ்ஸில் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா வழியெல்லாம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே வரும்.

லேபில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். 203 ஏன் என்றால், சேர்த்த 4 மி.லி. ரீஜென்ட் அந்த அளவு சாம்பிளை வெளியே தள்ளியிருக்கிறது. 203இல் இருப்பது உண்மையான சாம்பிள் 200 மி.லி. அப்போது 1 மி.லி. தயோசல்பேட்டுக்கு லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன் என்று நேராக வாசிக்கலாம். வைக்கோல் நிறம் வெளுக்கும்வரை ஸ்டார்ச் விடாதீர்கள். முன்பே விட்டால் அயோடின் ஸ்டார்ச்சோடு இறுகிப் பிடித்துக்கொண்டு முடிவுப் புள்ளியைத் தாண்ட வைக்கும். நீலம் மறைந்த முதல் கணமே ரீடிங். நின்றபின் மெல்லத் திரும்பி வரும் நீலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. உடனுக்குடன் திரும்பி வந்துகொண்டே இருந்தால் நைட்ரைட் இடைஞ்சல். அதை அழிக்க வேண்டிய உங்கள் அசைடு பழையதா என்று பாருங்கள்.

தயோசல்பேட்டை 6.205 கிராம் ஒரு லிட்டரில் கரைத்தால் 0.025 நார்மல் என்பது செய்த அன்றைக்கு மட்டும் சரி. பாக்டீரியா அதை மெல்லச் சிதைக்கும். சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, பழுப்பு பாட்டிலில் வைத்து, பயன்படுத்தும் நாளில் பொட்டாசியம் டைகுரோமேட்டுக்கு எதிராகச் சரிபாருங்கள் (1.226 கிராம் ஒரு லிட்டரில்). பலவீனமான தயோசல்பேட் அதிகம் செலவாகும். ஆற்றில் இல்லாத ஆக்சிஜன் நோட்டில் ஏறும். இன்னொன்று, சோடியம் அசைடு கொடிய விஷம். அசைடு ரீஜென்ட் பாட்டிலில் அமிலம் ஊற்றாதீர்கள், உலோகக் குழாய் உள்ள சிங்க்கில் கொட்டாதீர்கள்.

வந்த எண்ணை வெப்பநிலையோடு சேர்த்துப் பாருங்கள். கடல் மட்டத்தில் நன்னீர் 25 டிகிரியில் 8.26, 30 டிகிரியில் 7.56 மி.கி. வரைதான் பிடிக்கும். மதியம் இரண்டு மணிக்கு, பாசி படர்ந்த தேங்கலில் 10 வந்தால் அது தப்பு என்று அடித்துவிட வேண்டாம். வெயிலில் பாசி ஆக்சிஜனை ஊற்றிக்கொண்டிருக்கிறது. அதே இடம் விடியற்காலையில் 3க்கு இறங்கியிருக்கலாம். மீன் சாவது அந்த நேரத்தில்தான். ஒரு இடத்துக்கு ஒரு ரீடிங் என்று முப்பது இடம் ஓடுவதைவிட, மூன்று இடத்தில் விடிகாலையும் பிற்பகலும் எடுப்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

பி.ஓ.டி.யில், அதாவது தண்ணீரிலுள்ள கழிவைச் சிதைக்க பாக்டீரியா எடுக்கும் ஆக்சிஜன் அளவில், இரண்டு விஷயம் மட்டும். நம் நாட்டுக் கழிவுநீர்த் தர அளவுகள் 27 டிகிரியில் 3 நாள் என்ற முறையில் இருக்கின்றன. பல பாடநூல்கள் 20 டிகிரியில் 5 நாள் என்கின்றன. எதைச் செய்தீர்கள் என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதுங்கள். அடுத்தது, அடைகாத்து முடிந்தபின் ஆக்சிஜன் குறைந்தது 2 மி.கி. இறங்கியிருக்க வேண்டும், குறைந்தது 1 மி.கி. மிஞ்சியிருக்க வேண்டும். பாட்டிலில் 30 மி.லி. சாம்பிள், மீதி நீர்ப்புத் தண்ணீர் (டைல்யூஷன் வாட்டர்), தொடக்கம் 7.4, முடிவு 3.8 என்றால் பி.ஓ.டி. 36. முடிவு சுழியம் என்றால் அந்தப் பாட்டிலிலிருந்து எந்த எண்ணும் எடுக்க முடியாது, ‘குறைந்தது இவ்வளவு’ என்று மட்டுமே சொல்லலாம். அதனால்தான் மூன்று வெவ்வேறு நீர்ப்பு வைப்பது.

கிணறுகளுக்கு வருவோம். சித்தூர் வட்டாரத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த கடினப்பாறை நாடு; ஃபுளோரைடு இங்கே தெரிந்த பிரச்சினை. இறைகிணறு (திறந்த கிணறு) மேலே சிதைந்த பாறையின் தண்ணீர்; போர் (ஆழ்துளைக் கிணறு) ஆழத்து வெடிப்புகளின் தண்ணீர். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து சராசரி போடாதீர்கள். உரமும் மாட்டுத் தொழுவமும் காரணமாக நைட்ரேட் பெரும்பாலும் இறைகிணற்றில் ஏறும். ஃபுளோரைடு போரில் ஏறும். வீட்டுக்காரரிடம் “ஏனுங்க அக்கா, இந்த போர் எத்தனை அடிங்க? கேசிங் எவ்வளவு இறக்குனீங்க?” என்று கேட்டு எழுதுவது எந்தக் கருவியின் ரீடிங்குக்கும் குறைந்த தகவல் அல்ல. சோறு வேகிறதா, பருப்பு வேகிறதா, பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா என்றும் கேளுங்கள். பெருமாட்டியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக்கு அருகே தண்ணீர் மாறியதை முதலில் சொன்னவர்கள் அங்கே சமைத்துக் குடித்த ஆதிவாசிப் பெண்கள். அவர்களில் ஒருவரான மயிலம்மா, ஆலைக்கு எதிரான போராட்டத்தின் முகமானார். 2004இல் ஆலை இயக்கத்தை நிறுத்தியது. சமையல்கட்டில் கிடைக்கும் சொல்லை அறிவியல் தரவாகப் பதிவு செய்யும் பழக்கம் நம் துறைக்கு வேண்டும்.

போரில் மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். அது குழாயில் நின்ற தண்ணீர். மின்கடத்துத்திறனும் வெப்பநிலையும் நிலைக்கும்வரை ஓடவிடுங்கள். தொட்டியிலிருந்து பிடித்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துத்திறன் மூன்றும் அங்கேயே. கரியமில வாயு வெளியேறினால் பி.எச். ஏறும், கால்சியம் கார்பனேட்டாகப் பாட்டிலின் சுவரில் படியும். மறுநாள் லேபில் கடினத்தன்மை குறைந்து காட்டும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்த தனிப் பாட்டில். நைட்ரேட்டுக்கு 4 டிகிரி குளிரும் 48 மணி நேரக் கெடுவும். ஃபுளோரைடுக்கு பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம்.

ஃபுளோரைடை ஸ்பேட்ன்ஸ் முறையில் (சாயத்தின் நிறம் வெளுப்பதை வைத்து அளப்பது) செய்கிறவர்கள் கவனிக்க: இந்த முறை லிட்டருக்கு 1.4 மி.கி. வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். இங்கே பல போர்களில் அதைத் தாண்டக்கூடும். தாண்டினால் சாம்பிளைப் பாதிக்குப் பாதி நீர்த்துத் திரும்பச் செய்யுங்கள்; ஸ்டாண்டர்டுகளை வைத்து வரைந்த கோட்டை நீட்டி வாசிக்காதீர்கள். ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அயனி மின்முனை கிடைத்தால் அதுவே நல்லது, டிசாப் கரைசல் (பி.எச்.சையும் அயனி வலிமையையும் நிலைப்படுத்துவது) சம அளவு சேர்க்க மறக்காமல்.

எல்லா எண்ணும் வந்தபின் அயனிச் சமநிலை (நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும் ஏறக்குறைய சமமா என்பது) பார்க்காமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்காதீர்கள். ஒரு உதாரணம் போடுவோம். கால்சியம் 40 மி.கி.யை 20.04ஆல் வகுத்தால் 2.0 மி.ஈக். (மில்லிஈக்விவலன்ட்); மக்னீசியம் 36.5ஐ 12.15ஆல், 3.0, சோடியம் 115ஐ 23ஆல், 5.0, பொட்டாசியம் 3.9ஐ 39.1ஆல், 0.1. மொத்தம் 10.1. மறுபக்கம் பைகார்பனேட் 366ஐ 61ஆல், 6.0, குளோரைடு 106ஐ 35.45ஆல், 3.0, சல்பேட் 24ஐ 48ஆல், 0.5, நைட்ரேட் 31ஐ 62ஆல், 0.5. மொத்தம் 10.0. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் அரை சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம். மொத்தத்தை நூறால் பெருக்கினால் மின்கடத்துத்திறனுக்கு அருகில், இங்கே ஆயிரம் மைக்ரோசீமன்ஸ் அளவில், வர வேண்டும். இது இரண்டாவது சோதனை.

சமநிலை உடையும்போது குற்றவாளி பெரும்பாலும் அல்கலினிட்டி (காரத்தன்மை). கடினத்தன்மையை அளக்கும் இ.டி.டி.ஏ. டைட்ரேஷனைப் போலவே அதுவும் கால்சியம் கார்பனேட் கணக்கில் வரும் எண். மேலே உள்ள கிணற்றில் அது 300. அதை 50ஆல் வகுக்க வேண்டும். 61ஆல் வகுத்தால் 4.9தான் வரும், பிழை 6 சதவீதத்தைத் தாண்டும். நைட்ரேட்டிலும் இதே வகைக் குழப்பம் உண்டு. கருவி நைட்ரஜனாகக் காட்டும் எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500இன் 45 மி.கி. வரம்பு நைட்ரேட்டுக்கானது. நைட்ரஜனாக 12 வந்த கிணற்றை 45க்குக் கீழே என்று எழுதி ‘பாதுகாப்பானது’ என்றால், 53 மி.கி. குடிக்கும் குழந்தைக்கு நாம் பொய் சொல்கிறோம்.

நீர்த்தரக் குறியீடு என்று எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. பல அளவுகள் நன்றாக இருந்தால், ஃபுளோரைடு 2.4 உள்ள கிணறுகூடச் சில சூத்திரங்களில் ‘நல்லது’ என்று வந்துவிடும். குறியீடு கட்டாயம் என்று வழிகாட்டி சொன்னால் போடுங்கள். கூடவே வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிணற்றையும் தனியாகப் பெயர்க்குறியோடு பட்டியலிடுங்கள்.

முடிவை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் ப்ராஜெக்டின் பகுதி. ஒரு தாளில் தமிழிலும் மலையாளத்திலும், அவர்கள் கிணற்றின் எண்ணும் வரம்பும் அருகருகே: ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்கது 1.0, வேறு நீர் இல்லாத நிலையில் 1.5. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது குழாய்த் தண்ணீரையோ, சோதித்துப் பார்த்த இறைகிணற்றுத் தண்ணீரையோ எடுக்கச் சொல்லுங்கள். 1.5ஐத் தாண்டிய கிணறுகளின் பட்டியலை, இரண்டாம் முறை எடுத்து உறுதி செய்தபின், வைவா தேதிக்குக் காத்திராமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.