பாடசாலைக் கடிதங்களைத் தமிழில் வரவைக்கப் பட்ட பாடு

மகள் படிக்கும் கொழும்புப் பாடசாலையில் தமிழ், சிங்களம் என்று இரண்டு மொழிப் பிரிவும் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்கு வரும் கடிதமும் வட்ஸ்அப் அறிவித்தலும் சிங்களத்தில் மட்டும்தான். பிறகு, தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை, கூட்டத்துக்கு வருவதில்லை என்று பேச்சு. விளங்காத கடிதத்துக்கு எப்படி வருவது? கூட்டம் வைத்ததும் வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ நேரம். முஸ்லிம் தந்தைமார் எப்படி வருவார்கள்?

பெற்றோர் சிலர் சேர்ந்து அதிபருக்குக் கடிதம் எழுதினோம். அரைநாள் லீவு போட்டுக் கொண்டுபோனால், அதிபர் கல்வி வலயக் கூட்டத்துக்குப் போய்விட்டார், லிகிதரோ கடிதத்தைத் தொடவே இல்லை. சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரட்டுமாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழி என்றாகிவிட்டது, அரச பாடசாலைக் கந்தோரில் நின்று இதைக் கேட்க வயிறு எரிந்தது.

அதனால் சொல்கிறேன், கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பிரதி ஒன்றை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்பி, அதை அதிபருக்கான கடிதத்தின் அடியிலேயே குறிப்பிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்த பிறகுதான் அதிபரே கூப்பிட்டார். சிங்களப் பிரிவுத் தாய்மாரும் கையொப்பம் வைத்திருந்தார்கள், அது பெரிய பலம், ஏனென்றால் இதை யாராலும் இனப் பிரச்சினை என்று ஒதுக்க முடியவில்லை.

பேச்சு சுமுகமாகவே போனது. கடிதங்கள் இப்போது இரண்டு மொழியிலும் வருகின்றன, தமிழை ஒரு டீச்சர் சரிபார்க்கிறார். கூட்டத்துக்கு எல்லாருக்கும் ஒத்துவரும் நேரத்தைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிறு காலை என்றால் தேவாலயமும் அறநெறி வகுப்பும், வேலைநாள் பகல் என்றால் புறக்கோட்டைக் கடைகளில் நிற்பவர்களுக்கு லீவு இல்லை. கடைசியில் ஞாயிறு பின்னேரம் என்று முடிவாகி, முதல் கூட்டத்திலேயே கதிரை போதாமல் போனது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்!

இன்னொன்று, டீச்சருக்கும் உங்களுக்கும் நடுவில் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். தன்னைப் பற்றிய முறைப்பாட்டை எந்தப் பிள்ளை முழுதாகச் சொல்லும்? பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறம், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குக் கட்டாயம் போய், நிர்வாகக் குழுவுக்கு உங்களில் ஒருவரின் பெயரைப் பிரேரியுங்கள். கூட்ட அறிக்கையைத் தமிழிலும் கேளுங்கள், நாங்கள் அடுத்ததாக அதைத்தான் கேட்கப்போகிறோம்.