335-இன் தம்பி

செமி ஹாலோ கிதார், அதாவது உடம்பு பாதி உள்ளீடற்ற மின்கிதார் என்றாலே எல்லோரும் கிப்சன் கம்பெனியின் இ.எஸ்-335 பற்றித்தான் பேசுகிறார்கள். 1958-இல் வந்த அந்தக் கிதார் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பின் அகலம் 16 அங்குலம். என்னைப் போன்ற ஒல்லி ஆள் உட்கார்ந்து வாசித்தால் வலது தோள் காதுவரை ஏறிவிடும். 2007-இல் வந்த அதன் தம்பி இ.எஸ்-339 தான் என் கட்சி. உடம்பு ஏறத்தாழ கிப்சனின் இன்னொரு மின்கிதாரான லெஸ் பால் அளவு. எஃப் வடிவத் துளைகளும் உண்டு, உள்ளே நடுவில் நீளவாக்கில் ஓடும் மரக்கட்டையும் உண்டு.

அந்தக் கட்டைதான் விஷயமே. முழுவதும் உள்ளீடற்ற கிதாரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் சத்தமாக வாசித்தால், மேற்பலகை அந்த ஒலிக்கே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும். நடுக்கட்டை அதைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. இருபுறமும் உள்ள வெற்றிடம் குரலில் கொஞ்சம் காற்றைக் கலக்கிறது. உடம்பு சிறுத்தால் அந்தக் காற்று சற்றுக் குறையும், உண்மை. பதிலுக்கு ஒலி இறுக்கமாக வரும். கோயில் பாடகர் குழுவில் கீபோர்டோடு மல்லுக்கட்ட எனக்கு அதுதான் வேண்டும்.

ராமேசுவரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் இன்னொரு வசதி. விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் உறங்கும் வீட்டில் இரவு ஆம்ப்ளிஃபயர் போட்டால் உதைதான் விழும். இந்தக் கிதாரை வயர் செருகாமலே மீட்டலாம்; எனக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வரும்.

உப்புக்காற்றுக்கு மட்டும் அண்ணன், தம்பி பேதம் கிடையாது. துடைக்காமல் வைத்தால் கம்பிகள் துருப்பிடிக்கும். வால்யூம் குமிழ் கரகரத்தால், உள்ளிருக்கும் பாகத்தை நூல் கட்டி எஃப் துளை வழியாக இழுத்தெடுக்க வேண்டும். அந்த வேலையை வலை பின்னும் சித்தப்பாவிடம்தான் கொடுப்பேன்.